குளிசையில் வராத இரவு: விற்றமினும் உடற்கடிகாரமும் எங்கட கரையும்

பரீட்சை அட்டவணை ஒட்டப்பட்டால் போதும், வாழைச்சேனைப் பக்கத்து மருந்துக்கடைகளுக்கு இரண்டு வகையான ஆக்கள் வரத் தொடங்குவார்கள். ஒரு வகை, "ராவு முழிச்சுப் படிக்க ஏதும் சத்துக் குளிசை இருக்கா?" என்று கேட்பவர்கள். மற்ற வகை, "ராவைக்கு நித்திரையே வருகுதில்ல, விற்றமின் ஏதும் குறைவோ தெரியா" என்று கேட்பவர்கள். பல நேரம் இரண்டு பேரும் ஒரே குளிசை அட்டையோடதான் வீட்டுக்குப் போவார்கள். பி கொம்ப்ளெக்ஸ். முழிப்பதற்கும் அதுதான், உறங்குவதற்கும் அதுதான்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். யாருக்கும் மருந்து சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனா ஒரு நம்பிக்கை எங்கே பிறந்து எப்படி எங்கட வீட்டுக்குள் வந்தது என்று தேடிப் பார்ப்பது எங்கட பாடம்தான். "களைப்பு என்றால் உடம்பில் ஏதோ சத்துக் குறைவு. அந்தச் சத்தை விழுங்கினால் களைப்புப் போகும்." இந்த நம்பிக்கைக்கு ஏறத்தாழ நூறு வயது தாண்டிவிட்டது. அது பிறந்த கதையில் தமிழர்களின் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு இருக்கு. அதே நம்பிக்கை நித்திரை விசயத்தில் ஏன் பிசகுகிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்கட மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளுமே போதும். இந்தக் கட்டுரையில் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

தவிட்டோடு போனது

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு நோய் பரவலாக உயிர் எடுத்துக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும். நடக்க ஏலாது. சிலருக்கு உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் கைவிடும். பெயர் பெரிபெரி. 'ஏலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரண்டு தடவை சொன்னதில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பது சொல்லப்படுகிற விளக்கங்களில் ஒன்று. ஏலாது, ஏலாது. களைப்பின் உச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நோய் அதிகமாகத் தாக்கியது சிறைகளை, படைமுகாம்களை, கப்பல்களை, சுரங்கங்களை. அதாவது, தங்கட சோற்றைத் தாங்களே தெரிவு செய்ய முடியாத ஆக்கள் இருந்த இடங்களை. அதே காலத்தில்தான் நீராவியில் ஓடும் அரிசி ஆலைகள் பெருகின. தவிடு முழுக்க நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசி கெடாமல் கனநாள் இருக்கும், தூர இடத்துக்கு ஏற்றலாம், பார்க்கவும் அழகு.

1886இல் பெரிபெரியை ஆராய டச்சு அரசு ஒரு குழுவை ஜாவாவுக்கு அனுப்பியது. அதில் வந்த கிறிஸ்தியான் ஐக்மன் என்ற மருத்துவர் அங்கேயே தங்கி ஆய்வை நடத்தினார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று பெரிபெரி மாதிரியே ஒரு நோய் வந்தது. பிறகு திடீரென்று போனது. விசாரித்தால் விசயம் குசினிக்குள் இருந்தது. இடையில் கொஞ்சக் காலம் கோழிகளுக்குப் படை வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைக் கோழிக்குத் தர ஏலாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, சுகமாகின. ஐக்மன் முதலில், அரிசியில் ஒரு நஞ்சு இருக்கு, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல், நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டில் உள்ள தேவையான ஏதோ ஒன்று இல்லாமல் போவதுதான் நோய் என்றார். இருக்கிற ஒன்றால் மட்டுமில்லை, இல்லாத ஒன்றாலும் நோய் வரலாம் என்பது அன்றைய மருத்துவத்துக்குப் புதுக் கதை.

இனி மலாயா. அங்கே தகரச் சுரங்கங்களில் சீனர்கள். தோட்டங்களிலும் றெயில் பாதைகளிலும் தமிழர்கள். ஒரே வெயில், ஒரே காடு. ஆனா பெரிபெரியில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள். தமிழருக்கு அந்த நோய் மிக அரிதாகவே வந்தது. அங்கே வேலை செய்த பிராடன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இந்த வித்தியாசத்தைச் சோற்றோடு இணைத்துக் காட்டினார். சீனர்கள் சாப்பிட்டது இறக்குமதியான தீட்டிய பச்சை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தீட்டிய அரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசிப் பக்கத்தில் பலர் நோயில் விழுந்தார்கள், செத்தும் போனார்கள். புழுங்கல் பக்கம் கிட்டத்தட்டத் தப்பியது. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். 1907இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் காட்டுக்குள் றோட்டுப் போட வந்த ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளரிடம் இதே சோதனையைச் செய்தார்கள். அரிசியை மாற்றினால் நோயும் பக்கம் மாறியது. விற்றமின் என்ற அறிவுக்கு அடிக்கல் போட்டவர்களில் இந்தப் பெயர் தெரியாத ஆக்களும் இருக்கிறார்கள்.

புழுங்கல் அரிசியில் என்ன நடக்கிறது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படையில் இருக்கிற பி1 விற்றமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளுக்குப் போகிறது. பிறகு தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. நெல் அவித்து முற்றத்தில் காயப்போடுவது எங்கட ஊர்களுக்குப் புதினமில்லை. அந்த முறையை முதலில் கண்டுபிடித்த பெண் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை. பெண் என்றே எழுதுகிறோம், ஏனென்றால் நெல் அவிக்கிற வேலை பெரும்பாலும் யாருடைய கையில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

1912இல் லண்டனில் இருந்த போலந்துக்காரர் கசிமிர் ஃபுங்க் இப்படிப்பட்ட பொருட்களுக்கு 'விற்றமின்' என்ற பெயரை வைத்தார். 1926இல் ஜாவாவிலேயே இரண்டு டச்சு ஆய்வாளர்கள் தவிட்டில் இருந்து பி1ஐப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். அவர் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளை, 1886இல் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். பெயரைச் சொன்னாலே நெல் கேட்கிற ஊர்.

இந்தக் கதையைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு இயந்திரம் அரிசியில் இருந்து தவிட்டை எடுத்தது. பிறகு இன்னொரு ஆலை, தவிட்டில் இருந்ததைக் குளிசையாக்கித் திருப்பி விற்றது. அது ஏமாற்று இல்லை. பெரிபெரியில் கிடந்தவருக்கு பி1 கொடுத்தால் சில நாட்களிலேயே எழும்பினார்கள். கண்ணால் பார்த்த அதிசயம். அதனால்தான் "களைப்பா? குளிசை போடு" என்ற நம்பிக்கை இவ்வளவு ஆழமாக இறங்கியது. ஆனா அந்த அதிசயம் நடந்தது உண்மையான குறை இருந்த உடம்பில். குறையில்லாத உடம்பில் மேலதிகமாகப் போடும் பி1 பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும்.

புளியமரம் பார்க்கிற நேரம்

அடுத்த கதை இதைவிடப் பழசு. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் ஆக்களில் ஒருவரான அன்ட்ரொஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரேன் தீவில் ஒரு மரத்தைப் பார்த்தார். பகலில் இலையை விரித்து இரவில் மூடுகிற மரம். மரம் உறங்குகிறது என்று அந்தத் தீவுச் சனங்கள் சொன்னதாகப் பதிவு இருக்கு. அது புளியமரம் என்று இன்று கருதப்படுகிறது. ராவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, புளிய இலை மூடுவது ஒரு செய்தியே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மரத்துக்குத் தூங்குமூஞ்சி மரம் என்றே பெயர்.

1729இல் பிரான்சில் டி மேரான் என்றவர், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை வெளிச்சம் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அந்தச் செடி விடியற் காலத்தில் இலையை விரித்தது, இருட்டும் காலத்தில் மூடியது. அப்படியென்றால் நேரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது.

மனிதருக்கும் அப்படியா? 1938இல் அமெரிக்காவின் மம்மத் குகைக்குள் நதானியேல் க்ளைட்மன் தன்னுடைய மாணவரோடு 32 நாள் இருந்தார். வெளிச்சம் இல்லை, விடியல் இல்லை. ஒரு நாளை 28 மணித்தியாலமாக நீட்டி வாழ முயன்றார்கள். மாணவர் ஓரளவு பழகிவிட்டார். பேராசிரியரின் உடம்போ விடாப்பிடியாக 24 மணித்தியாலத்துக்கே நின்றது. பிறகு 1960களில் ஜேர்மனியில் ஆட்களை நிலக்கீழ் அறைகளில் மணிக்கூடு இல்லாமல் வைத்துச் சோதித்தார்கள். அவர்களின் நாள் 24 மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டியே ஓடியது. 1972இல் இந்தக் கடிகாரத்தின் இருப்பிடம் எலியின் மூளையில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணின் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, மிகச் சிறிய ஒரு கலத்திரள். எங்கட மூளையிலும் அதே இடம்தான். 2017இல் இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதன் சாரம் இதுதான். நித்திரையை இரண்டு விசயங்கள் நடத்துகின்றன. ஒன்று, முழித்திருக்க முழித்திருக்க மூளையில் சேருகிற பாரம். அடினோசின் என்ற பொருள் சேரச் சேரக் கண் சொருகும். தேத்தண்ணியும் கோப்பியும் செய்வது அந்தப் பொருள் போய் ஒட்டுகிற இடத்தை மறித்து வைப்பதை மட்டும்தான். பாரம் அப்படியே இருக்கும். மற்றது, உள்ளே ஓடுகிற கடிகாரம். அது தினமும் கொஞ்சம் பிந்தி ஓடுகிற மணிக்கூடு மாதிரி. விடியல் வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது திருத்தப்படுகிறது. இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பைச் சுரக்கச் சொல்லி "ராவாகிவிட்டது" என்று உடம்பு முழுக்க அறிவிக்கிறது.

இந்த இரண்டிலும் 'குறைந்த சத்து' என்ற ஒன்று இல்லை. ஒன்றில் குறைவது நித்திரை நேரம். மற்றதில் குழம்புவது வெளிச்சம்.

எழுவான், படுவான், அரச நேரம்

மட்டக்களப்பில் திசைக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே சூரியனுடையது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. உடற்கடிகாரம் பற்றி ஒரு பாடமும் படிக்காமலேயே வெளிச்சத்தை வைத்து உலகத்தைப் பிரித்த சனம் நாங்கள்.

இலங்கை 1906இல் இருந்து கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. இந்த ஐந்தரை மணிக்குரிய நெடுங்கோடு கிழக்கே 82.5 பாகை. வாழைச்சேனை அதற்கு ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே இருக்கு. அதாவது அந்த நேரக் கணக்கில் எங்கட மணிக்கூட்டுக்கும் எங்கட சூரியனுக்கும் சராசரியாக 4 நிமிசம்தான் வித்தியாசம். வருடம் முழுக்க விடிவது ஆறு மணியை ஒட்டித்தான்.

அந்த நேரத்தை அரசு முதலில் அசைத்தது இரண்டாம் உலகப் போரில். 1942இல் இரண்டு தடவையாக ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். 1945இல் திருப்பி எடுத்தார்கள். இரண்டாவது தடவை 1996. மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் படுத்து, நாடு மின்வெட்டில் கிடந்த காலம். மாலை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் கிட்டத்தட்டப் பத்து வருடம் நின்றது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள்தான் பழைய நேரம் திரும்பி வந்தது.

அந்த 1996 மாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. படுவான்கரையின் பெரும்பகுதியும் வாழைச்சேனைக்கு வடக்கே வாகரையும் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம். எழுவான்கரையும் வாழைச்சேனை நகரும் இந்தப் பக்கம். ஒரே வாவியின் இரண்டு கரையில் இரண்டு நேரம். தோணியில் வாவியைக் கடந்து போனவரின் கை மணிக்கூடு அக்கரையில் அரை மணித்தியாலம் முன்னால் நிற்கும். ஒரு இடத்தில் சந்திப்பம் என்று சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் அது.

ஆனா சூரியன் சோதனைச் சாவடியில் நிற்கவில்லை. இரண்டு கரையிலும் ஒரே கணத்தில்தான் விடிந்தது. ஓட்டமாவடிப் பள்ளிவாசல்களில் சுபஹ் தொழுகைக்குக் கணக்கு சூரியன்தான். மணிக்கூடு மாறினால் அட்டவணையில் எழுதும் எண் மாறும், வானம் மாறாது. மாறியது பாடசாலை மணியும் கந்தோர் நேரமும் பஸ் நேரமும். புது நேரத்தில் ஏழு மணி என்றால் உடம்புக்கு ஆறரைதான். 1996 மாற்றத்தின் முதல் ஐந்து மாதம் உடம்புக்கு ஆறு. அரை மணித்தியாலம் என்பது கேட்கச் சின்ன விசயம். அதை விடியற்கால நித்திரையில் இருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும் என்பதை, இருட்டோடு பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரிடம் கேட்டால் சொல்லுவார்கள். இரவில் அதை ஈடுசெய்ய அரை மணித்தியாலம் முந்திப் படுக்கலாமே என்றால், உள்ளே இருக்கிற கடிகாரம் வர்த்தமானியைப் பார்த்து மெலடோனினைச் சுரக்காது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எங்கட கரையின் நித்திரை அரை மணித்தியாலத்தோடு மட்டும் குறையவில்லை. சுற்றிவளைப்பு, ஷெல் சத்தம், 2004 டிசம்பர் 26இன் கடல், 2006 கடைசியில் வாகரையில் இருந்து ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்த சனம். கூடாரத்துக்குள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தவர்களுக்கு நித்திரை இல்லாமல் போனது சத்துக் குறைவால் இல்லை. முழித்திருந்தால்தான் உயிர் தப்பலாம் என்று உடம்பு படித்துவைத்திருந்தது. அந்தப் படிப்பைச் சிலருடைய உடம்பு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு "ஒரு விற்றமின் எடுங்கோ" என்று சொல்வது, கேள்வியையே கேட்காமல் பதில் சொல்வது.

குளிசையும் கடிகாரமும் சந்திக்கிற இடங்கள்

அப்படியென்றால் விற்றமினுக்கும் நித்திரைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. எங்கே என்று பார்த்துச் சொல்லத்தான் இவ்வளவும்.

விற்றமின் ஏ. வெளிச்சத்தை உணர்கிற கண் நிறமிகள் இதில் இருந்து செய்யப்படுகின்றன. இது குறைந்தால் மாலைக்கண் வரும் என்று பாடசாலையிலேயே படித்தோம். உடற்கடிகாரத்துக்கு வெளிச்சச் செய்தியை அனுப்புகிற தனிக் கலங்கள் கண்ணில் இருப்பது 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தக் கலங்களின் நிறமிக்கும் விற்றமின் ஏ வடிவமே தேவை.

பி12. மீன், இறைச்சி, முட்டை, பாலில் கிடைப்பது. குறைந்தால் இரத்தச்சோகை, நரம்புப் பிரச்சினை, உண்மையான களைப்பு. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும், நித்திரை நேரம் தாறுமாறாகப் போன சிலருக்கு பி12 கொடுத்தபோது சரியானது என்று அறிக்கைகள் வந்தன. ஜப்பானில் பெரிய எதிர்பார்ப்பு. பிறகு அங்கேயே பல வைத்தியசாலைகள் சேர்ந்து, யாருக்கு உண்மைக் குளிசை, யாருக்கு வெற்றுக் குளிசை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். 1997இல் வந்த முடிவில் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பி6. 2018இல் வெளியான ஒரு அவுஸ்திரேலிய ஆய்வில், படுக்கப் போகுமுன் அதிக அளவு பி6 எடுத்தவர்களுக்குக் கனவுகள் கூடுதலாக ஞாபகம் இருந்தன. நித்திரை மேம்படவில்லை. அதே ஆய்வில் பி கொம்ப்ளெக்ஸ் எடுத்தவர்கள், நித்திரை சரியில்லை, விடிய எழும்பக் களைப்பாக இருக்கு என்று சொன்னார்கள். நித்திரைக்கென்று அந்த அட்டையை வாங்கியவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கலாம். பி6ஐ அதிக அளவில் கனநாள் எடுத்தால் நரம்பைப் பாதிக்கும் என்பதும் நிறுவப்பட்ட விசயம்.

இரும்பு விற்றமின் இல்லை. ஆனா எங்கட ஊரில் பெண்களுக்கு வருகிற களைப்புப் பற்றிக் கதைத்தால் அதை விட ஏலாது. இரும்புச் சத்துக் குறைந்தால் களைப்பு வரும். இரவில் கால் உளைந்து, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றி நித்திரை கெடுவதும் அதோடு தொடர்புள்ளது. இதற்குக் குளிசை வேலை செய்யும். ஆனா இரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு உடனே பிளேன்ரீ குடித்தால் இரும்பு உடம்பில் சேருவது குறையும் என்பதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள்.

அடுத்தது, ரின்னில் வருகிற சக்திப் பானங்கள். 1962இல் ஜப்பானில் லிபோவிட்டான் டி என்ற சின்னப் போத்தல் வந்தது. டோரினும் பி விற்றமின்களும் கலந்தது, களைத்த உழைப்பாளிகளுக்கு விற்கப்பட்டது. அந்த வகைப் பானங்கள் தாய்லாந்தில் லொறிச் சாரதிகளிடமும் கூலித் தொழிலாளரிடமும் பரவி, அங்கிருந்து 1987இல் ஒஸ்திரியாவில் ரெட் புல் ஆனது. ரின்னில் விற்றமின் பட்டியல் நீளமாக இருக்கும். முழிக்க வைப்பது அந்தப் பட்டியல் இல்லை, அதில் இருக்கிற கஃபீன். குடித்து ஐந்து மணித்தியாலம் அளவில் கழிந்தும் அதில் பாதி உடம்பில் மிச்சம் இருக்கும். ராவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு மூன்று மணிக்குப் படுத்தால், வருகிற நித்திரை முழு நித்திரையாக இருக்காது.

மெலடோனின் விற்றமின் இல்லை, சுரப்பு. 1958இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் விற்றமின் போத்தல்களுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்பதால்தான் பலர் அதையும் சத்து என்று நினைக்கிறார்கள். கடிகாரத்தை நகர்த்தும் பொருளை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் பலனும் பிழையும் இருக்கு. மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டியதில்லை.

ஆக, வரலாறு சொல்லும் விதி ஒன்றுதான். குறை இருந்தால் விற்றமின் அந்தக் குறையை நிரப்பும், அதோடு குறையால் வந்த களைப்பும் போகும். குறை இல்லாதவருக்கு அது முழிப்பையும் தராது, நித்திரையையும் தராது.

யாருடைய இரவு போகிறது

வாழைச்சேனை இரவில் வேலை செய்த ஊர். 1950களில் தொடங்கிய காகித ஆலை எங்கட வயல்களின் வைக்கோலைக் காகிதமாக்கியது. காகித இயந்திரம் ஓடத் தொடங்கினால் ராவு, பகல் என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதில்லை, ஆட்கள்தான் மாறி மாறி வேலைக்கு வர வேண்டும். துறைமுகத்தில் இருந்து போகிற பலநாள் படகுகளில் வலையும் தூண்டிலும் ராவில்தான் இறங்கும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் விடியுமுன் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்களுக்குச் சமைத்துக் கட்டிக் கொடுக்கிற அம்மா, உம்மா அதற்கும் முன் எழும்பியிருப்பார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், உடற்கடிகாரத்தைக் குழப்புகிற முறைமாற்று வேலையை 'பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தது. இரவு வேலை வெறும் பழக்கத்தோடு சரியாகிப் போகிற விசயம் இல்லை.

பெரிபெரிக் காலத்தில் தோட்டத்திலும் சிறையிலும் கிடந்தவர்கள் பலவீனமான ஆக்கள் இல்லை. அவர்களுடைய சோற்றில் இருந்து ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. இன்றைக்குக் களைத்துப்போகிற ஆக்களில் பலருடைய நாளில் இருந்தும் ஒன்று எடுக்கப்பட்டிருக்கு. வித்தியாசம் என்னவென்றால், தவிட்டில் போனதைக் குளிசைக்குள் அடைக்க முடிந்தது. இரவை அடைக்க ஏலாது. நித்திரைக் குறைவைத் தனி ஆளின் சத்துக் குறைவாக மாற்றிவிட்டால், அட்டவணை போட்டவரிடமும் சம்பளம் கொடுப்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி மருந்துக்கடையில் காசு கொடுத்ததோடு முடிந்துவிடும்.

எங்களைப் போல பரீட்சைக்கு இருக்கிறவர்களுக்குச் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். படித்தது மூளையில் பதிவதற்கே நித்திரை வேணும். விடிய எழும்பியதும் பத்து, பதினைந்து நிமிசம் முற்றத்துக்கோ கடற்கரைக்கோ போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். ராவில் தொலைபேசி வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம். கிழமைக் கணக்காகக் களைப்புப் போகாவிட்டால், குளிசை அட்டை வாங்குமுன் வைத்தியசாலையில் இரத்தம் சோதியுங்கள். நித்திரை வராததற்குக் காரணம் பயமோ துக்கமோ என்றால், அதையும் அங்கே வாய்விட்டுச் சொல்லலாம், அதற்கும் வைத்தியர் இருக்கிறார்.

மிச்சம் கூட்டாகக் கேட்க வேண்டியது. இரண்டு பாடத்துக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுகிற பரீட்சை அட்டவணை, இரவு வேலைக்குப் பிறகு உண்மையான ஓய்வு நாள், இருட்டோடு பிள்ளைகளை இழுக்காத பஸ் நேரம். மணிக்கூட்டை 1996இல் முன்னுக்குத் தள்ளியதும் மனிதர்தான், 2006இல் திருப்பி வைத்ததும் மனிதர்தான். அட்டவணைகளும் அப்படித்தான், திருப்பி வைக்க ஏலும்.